கரப்பானுக்கு ஒரு கை எண்ணெய்

நாகர்கோவில் பக்கத்தில் நாற்பது வருடத்துக்கு முன்பு பிள்ளை குளிப்பாட்டு என்றால் வீட்டின் முற்பகல் முழுவதும் அதற்கே போய்விடும். கிணற்றடியிலோ அடுக்களைப் பின்வாசலிலோ கைப்பழக்கமுள்ள ஒரு மூத்த பெண் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். காலின்மேல் பிள்ளை. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் உச்சியில் தொடங்கி உள்ளங்கால்வரை இறங்கும். கழுத்து மடிப்பு, கக்கம், தொடையிடுக்கு என்று விரல் போகாத இடம் இருக்காது. எண்ணெய் ஊறக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு பெரியவர்கள் கையே தாங்காத சூட்டில் தண்ணீர். பயற்றமாவு போட்டு எண்ணெயை இறக்கி, நூல் இற்றுப்போன பழைய வேட்டித் துண்டில் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டித் தொட்டிலில் இட்டால் மத்தியானம்வரை சத்தம் வராது.

அப்படி வளர்ந்த பிள்ளைக்கும் மூன்றாம் நான்காம் மாதத்தில் கன்னம் சிவந்ததுண்டு. முதலில் சொரசொரப்பு, பிறகு நீர்க்கசிவு, அதன்மேல் பொருக்கு. தலையிலும் கைகால்களின் வெளிப்புறத்திலும் பரவும். ராத்திரியெல்லாம் பிள்ளை முகத்தைத் துணியில் தேய்த்துத் தேய்த்து அழும். கரப்பான் என்று சொல்லிவிட்டு வீடு தன் வேலையைத் தொடங்கும். "பல்லு முளைச்சு நடக்கத் தொடங்கினா போயிரும் மக்ளே" என்று சொல்ல எந்தப் பாட்டியும் தயங்கியதில்லை. அதில் உண்மையும் இருந்தது. வளர வளரப் பல பிள்ளைகளுக்கு இது அடங்கத்தான் செய்கிறது. சிலருக்கு மட்டும் கன்னத்தை விட்டு முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடம் மாறிப் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் நிற்கிறது.

சித்த மருத்துவத்தின் குழந்தை நூலான பாலவாகடம் கரப்பானை வகைவகையாகப் பிரிக்கிறது. வறட்சிக் கரப்பான், மண்டைக் கரப்பான், ஓடுகரப்பான், செங்கரப்பான், கருங்கரப்பான் என்று பெயர்கள் நீளும். வீட்டுப் பெண்களுக்கு அத்தனையும் வேண்டியிருக்கவில்லை. வறண்டு கிடக்கிறதா, நீர் கசிகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். வறண்டதற்கு அருகம்புல் சாற்றைத் தேங்காயெண்ணெயில் விட்டுச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சிய தைலம். கசிவதற்கு வேப்பிலையோ குப்பைமேனியோ மஞ்சளோடு அரைத்த பூச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றச் சொல்வார்கள், ஜென்ஷியன் வயலெட்டைப் பஞ்சில் தொட்டுப் பூசி அனுப்புவார்கள். ஊதாக் கன்னத்தோடு ஒரு பிள்ளை தெருவில் வந்தால் எங்கே போய் வருகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இன்று அதே ஊரில் கிணற்றடி இல்லை, குளிப்பாட்டத் தெரிந்தவரும் அபூர்வம். மாதச் சம்பளத்துக்கு ஓர் அம்மா வந்து இருபது நிமிடத்தில் குளிப்பாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். கன்னம் சிவந்த மறுநிமிடம் இளம் தாயின் கைப்பேசியில் வைத்தியம் வரிசை கட்டுகிறது. நலங்கு மாவு, குப்பைமேனி சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, வேப்பெண்ணெய், ஆலிவ் எண்ணெய், கற்றாழைக் கூழ். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ரசாயனம் இல்லாதது, பாட்டி வைத்தியம் என்று அச்சடித்திருக்கிறது. மாவு வந்திருக்கிறது, மூலிகை வந்திருக்கிறது, பத்தியம்கூடப் பட்டியலாக வந்திருக்கிறது. இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் காணாமல் போனது, தினமும் ஒரு கை எண்ணெய்.

எண்ணெய் போனதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதைக் குழந்தை மருத்துவர்கள் கண்டித்தார்கள். மூக்கு வழியே நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் நிமோனியா வரும், அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மூக்கில் விடாதே என்று அவர்கள் சொன்னதை, எண்ணெயே வேண்டாம் என்று வீடு கேட்டுக்கொண்டது. மெத்தை விரிப்பு பிசுக்காகிறது, பிள்ளை கறுத்துப்போகும் என்கிற பேச்சுகளும் கூடச் சேர்ந்துகொண்டன. வேடிக்கை என்னவென்றால், வீடுகள் எண்ணெயைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் தோல் மருத்துவம் அதை நோக்கி நடந்து வந்தது.

2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மரபணுக் குறையைக் கண்டு சொன்னார்கள். தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டுகிற ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக உருவாகிறது, அவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது அது. அதுவரை ரத்தத்தில், உணவில், ஒவ்வாமையில் தேடிக்கொண்டிருந்த காரணத்தின் ஒரு பெரும்பகுதி தோலிலேயே இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த மச்சுச் சுவர்போல, உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியேயிருக்கும் அழுக்கும் கிருமியும் உள்ளே இறங்குகின்றன. அரிப்பு வருகிறது, சொறிகிறோம், கீறல் இன்னும் பெரிதாகிறது. இந்த நோயில் அரையாடை கட்டும் இடம் பெரும்பாலும் தப்பிவிடுவதைத் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அங்கே ஈரம் தங்குகிறது, பிள்ளையின் நகமும் எட்டாது.

அப்படியானால் முதல் வைத்தியம் உதிர்ந்த பூச்சை மேலிருந்து பூசுவது. உலகம் முழுக்கத் தோல் மருத்துவர்கள் இன்று சொல்வது இதைத்தான். மாய்ஸ்சரைசர் என்று சொல்லும்போது அவர்கள் நினைப்பது வாசனைக் குழம்பை அல்ல, எண்ணெயும் மெழுகும் சேர்ந்த மொழுமொழுப்பை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். பாதிப் பிள்ளைகளுக்குச் சுத்தமான தேங்காயெண்ணெய், மீதிப் பேருக்கு மினரல் ஆயில். எட்டு வாரத்தில் நோயின் தீவிர மதிப்பெண் தேங்காயெண்ணெய்க்காரர்களுக்கு 68 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 38 சதவீதம். கரப்பான் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி கூட்டமாகக் குடியேறும். தேங்காயெண்ணெயில் பாதியளவு இருக்கிற லாரிக் அமிலம் அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டக்கூடியது. மிதமான கரப்பானுக்கு இது போதும், கடுமையானதற்குப் போதாது.

எண்ணெய் என்றால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஷெஃபீல்டில் 2013இல் பெரியவர்கள் தோலில் சோதித்துப் பார்த்ததில், ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் அதைக் கெடுக்கவில்லை. விலை கொடுத்து இத்தாலியப் புட்டி வாங்குகிற வீடுகள் இதைக் கேட்டால் வருத்தப்படும். பக்கத்துக் கடையில் கிடைக்கிற செக்குத் தேங்காயெண்ணெயே பிள்ளைக்கு மேல்.

எண்ணெய்க்கும் ஒரு காலம் உண்டு. அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறியும் நின்றுபோன மத்தியானத்தில், கனமான எண்ணெயோ களிம்போ அப்பினால் வியர்வைத் துளைகள் அடைபட்டு வேர்க்குரு பொரியும். அது கரப்பான் அரிப்போடு சேர்ந்தால் பிள்ளை பாடு திண்டாட்டம். நம் ஊரில் கரப்பானைக் கிளப்புவதில் வியர்வைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வெயில் காலத்தில் மெல்லிய கிரீம், மார்கழியில் எண்ணெய் அல்லது களிம்பு என்று மாற்றிக்கொள்கிறவர்களே அதிகம் பிழைக்கிறார்கள். எந்த வகை சிறந்தது என்று பிரிட்டனில் 550 பிள்ளைகளை வைத்து லோஷன், கிரீம், ஜெல், களிம்பு நான்கையும் மோதவிட்டார்கள். 2022இல் வந்த முடிவில் எதுவும் எதையும் வெல்லவில்லை. வீட்டில் எதை அலுக்காமல் தடவ முடியுமோ அதைத் தடவலாம்.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். கரப்பான் உள்ள பிள்ளைக்கு வாரம் 250 முதல் 500 கிராம்வரை தடவலாம் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டியின் கணக்கு. இங்கே பல நூறு ரூபாய்க்கு வாங்கிய சின்னக் குழாயை ஒரு மாதம் ஓட்டுகிறோம், பொட்டு வைப்பதுபோலத் தொட்டுத் தொட்டு. உருக்கெண்ணெய்க் கிண்ணத்தில் விரல் விட்ட பாட்டி ஒரு நாளும் அப்படிக் கணக்குப் பார்த்ததில்லை.

இனி மாவு. பயற்றமாவும் கடலைமாவும் சோப்பைவிட மென்மை என்ற நம்பிக்கை நன்றாக இருக்கும் தோலுக்குச் சரி. சாதாரண சோப்பின் காரம் தோலின் இயல்பான லேசான புளிப்புத்தன்மையைக் கெடுக்கும், மாவு அந்த அளவுக்குப் போகாது. வெடித்துக் கசிகிற தோலில் கதை வேறு. மாவின் துகள் உரசும். அதைவிட முக்கியமானது, புண்ணான தோல் வழியாக உணவுப் புரதம் உடம்புக்குள் நுழைந்தால் அந்த உணவே எதிரி என்று உடம்பு பாடம் கற்றுக்கொள்ளக்கூடும் என்பது. லண்டன் மருத்துவர் கிடியன் லாக்கின் குழு 2003இல் இதற்கு ஒரு தடயம் காட்டியது. வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. ஆகையால் கடலைமாவு, பால், பாதாம் விழுது எல்லாம் அடுக்களையிலேயே இருக்கட்டும். கசியும் கன்னத்தில் வேண்டாம்.

லாக் அதோடு நிறுத்தவில்லை. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு நான்கு முதல் பதினொரு மாத வயதிலிருந்தே வேர்க்கடலையைச் சாப்பாட்டில் கொடுத்துவந்தார்கள். ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவு, தவிர்த்த பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம். 2015இல் வந்த இந்த முடிவு உலகத்தின் பத்தியங்களைத் தலைகீழாக்கியது. (முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அரைத்துக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு முதல் தடவை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது.)

நம் பத்தியமோ அப்படியே நிற்கிறது. கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு, சோளம் எல்லாம் கரப்பான் பண்டம். பிள்ளைக்கு அரித்தால் பால் கொடுக்கிற தாயின் தட்டிலிருந்து முதலில் மீன் போகும், பிறகு முட்டை, பிறகு பருப்பு. அன்று அதற்கு ஒரு சமாதானம் இருந்தது, சுற்றிலும் நான்கு பெண்கள் தாயைக் கவனித்துக்கொண்டார்கள். இன்று ஒற்றையாய் இருக்கிற தாய், இணையத்தில் பார்த்த பட்டியலை வைத்துக்கொண்டு கஞ்சியும் ரசமுமாக மெலிகிறாள். குறிப்பிட்ட ஓர் உணவைத் தின்றதும் பிள்ளைக்குத் தடிப்போ வாந்தியோ வருகிறது என்றால் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான். மற்றபடி தாயின் தட்டில் கைவைப்பதால் பிள்ளையின் கன்னம் ஆறுவதில்லை. வளரும் பிள்ளையின் பாலையும் முட்டையையும் சோதனை இல்லாமல் நிறுத்துவது எனக்குச் சம்மதமே இல்லாத காரியம்.

குளியலில் மாறியது சூடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தண்ணீர் தோலின் எண்ணெய்ப்பசையைக் கழுவிவிட்டு அரிப்பைக் கூட்டியது, சாம்பிராணிப் புகையும் தன் பங்குக்கு மூச்சையும் தோலையும் உறுத்தியது. இப்போது வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடம், தேய்க்காமல் ஒற்றித் துவட்டல், ஈரம் காயும் முன்னே எண்ணெயோ கிரீமோ. குளிப்பதற்கு முன் தடவிய எண்ணெய் குளித்த பின்னுக்கு இடம் மாறியதே இந்த நாற்பது வருடத்தின் பெரிய மாற்றம் என்பேன். குளியல் தண்ணீரில் கலக்கும் விலையுயர்ந்த எண்ணெய்களைப் பிரிட்டனில் ஏறக்குறைய 480 பிள்ளைகளிடம் ஒரு வருடம் சோதித்து, பயனில்லை என்று 2018இல் சொல்லிவிட்டார்கள். மருத்துவப் பட்டு உடைகளும் 2017இல் அதே கதியை அடைந்தன. போர் தண்ணீரின் உப்பை எடுக்கும் இயந்திரமும் 2011 ஆய்வில் தேறவில்லை. பழைய வேட்டித் துணி யார் சோதனைக்கும் போகாமலே தன் இடத்தில் இருக்கிறது. தையல் உறுத்தாது, காற்றுப் போகும், வியர்வை உறிஞ்சும், செலவில்லை. கடுமையாக அரிக்கிற ராத்திரிகளில் கிரீம் தடவி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைச் சுற்றி, மேலே உலர்ந்த துணி போர்த்தச் சொல்கிற மருத்துவர்கள் உண்டு. அதை மருத்துவர் காட்டிக்கொடுத்துச் செய்வதே சரி.

ஸ்டீராய்டு பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. 1952இல் நியூயார்க்கின் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு கரப்பானை அடக்குகிறது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தூக்கம் என்ற ஒன்று கிடைத்தது என்று சொன்னால் மிகை இல்லை. நம் ஊரில் அது மருத்துவரிடமிருந்து மருந்துக் கடைக்கு இறங்கி, அங்கிருந்து முகம் வெளுக்கிற கிரீமாக அலமாரிக்கு ஏறியது. வீரியமான கலவையை மாதக்கணக்கில் பூசி முகத்தோல் மெலிந்தவர்களைப் பார்த்து மக்கள் பயந்தார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டும் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பயம் மட்டும் போகவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மெல்லிய களிம்பை வீட்டு அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டு, இயற்கை என்று பெயர் போட்ட டப்பாவைத் திறக்கிறார்கள்.

அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு லண்டனில் ஒரு கதை உண்டு. அங்கே தோல் நோய்க்குப் பிரபலமாக இருந்த சீன மூலிகைக் களிம்புகள் பதினொன்றை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது. 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. பிள்ளையின் முகத்தில் மூன்றே நாளில் மாயம் செய்கிற, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எந்த மூலிகைக் களிம்பையும் நான் சந்தேகிப்பேன். கிளம்பி நிற்கும் கரப்பானுக்கு மருத்துவர் சொன்ன நாட்கள், சொன்ன அளவு ஸ்டீராய்டு, அது அடங்கியபின் நாள்தோறும் எண்ணெய் என்று போகிற வீட்டில் மருந்தின் மொத்த அளவு குறைவாகவே முடிகிறது.

பழசில் சில ஆபத்துகளும் இருந்தன, இன்னும் இருக்கின்றன. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி அரிப்புக்குத் தடவுவது பரவலான பழக்கம். கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், கைக்குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்து மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட மலேசியக் குழந்தைகளைப் பற்றி லான்செட் இதழ் 1981லேயே எழுதியது. இன்னொன்று எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. கரப்பான் உள்ள தோலில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றினால் காய்ச்சலோடு ஒரே மாதிரியான சின்னக் கொப்புளங்கள் கூட்டம் கூட்டமாய்ப் பரவும். பார்க்க அம்மை போலவே இருக்கும். வேப்பிலை சொருகி, தலைக்குத் தண்ணீர் விடும் நாளுக்காகக் காத்திருந்தால் கண்ணுக்கும் உயிருக்கும் கேடு. கரப்பான் பிள்ளைக்குக் காய்ச்சலும் கொப்புளமும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

எண்ணெய் தேய்த்த பிள்ளைக்குக் கரப்பானே வராது என்ற பாட்டியின் பெருமைக்கும் ஒரு சோதனை நடந்தது. ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறந்த 1394 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு முதல் வருடம் முழுக்கத் தினமும் மாய்ஸ்சரைசர் பூசினார்கள். இரண்டு வயதில் இரு பக்கமும் ஒரே மாதிரி என்று 2020இல் முடிவு வந்தது. வந்ததை ஆற்றும் எண்ணெய், வருவதைத் தடுக்கவில்லை. எதற்கும் அடங்காத பிள்ளைகளுக்காக டூபிலுமாப் என்ற ஊசியை அமெரிக்கா 2022இல் ஆறு மாதக் குழந்தைவரை அனுமதித்தது. அதன் விலை இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது.

ஆக இது திரும்பவும் கையில் வந்து நிற்கிறது, யாருடைய கை என்பதில். 2017 முதல் வேலைக்குப் போகும் தாய்க்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். கரப்பான் கன்னத்தில் ஏறி உச்சத்துக்குப் போகும் மாதங்களில் தாய் அலுவலகத்துக்குத் திரும்பியாக வேண்டும். பகலில் பிள்ளை காப்பகத்திலோ, பார்த்துக்கொள்ள வரும் அம்மாவிடமோ இருக்கிறது. அன்று குளிப்பாட்டுப் பக்கமே வராத அப்பாக்கள் இன்று ராத்திரிக் குளியலையும் எண்ணெயையும் ஏற்றுக்கொண்டிருப்பதை நான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன், பாட்டிகளைவிடக் குறைவாகப் பேசி நன்றாகவே செய்கிறார்கள். காப்பகப் பையில் பால்புட்டியோடு ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியும் போகிறது. அதன்மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும்: காலை பத்து மணி, மதியம் தூங்கும் முன், முகம் துடைத்த பிறகு. நகம் வெட்டியாச்சு, தேய்க்க வேண்டாம், தடவினால் போதும்.